பிரவுசர்களும் வலைத்தள வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலைத்தளம் கட்டுகிறவர்களும் கட்டப் பழகுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பாதி நடைமுறை, பாதி என் சொந்த அபிப்பிராயம். எது எந்தப் பாதி என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

என் தளம் குரோமில் சரியாக வருகிறது. அது போதாதா?

போதாது. பிளிங்க் என்கிற ஒரு இன்ஜினில், அதாவது நிரலைப் படித்துப் பக்கத்தைத் திரையில் வரையும் உள்பகுதியில், சரியாக வருகிறது என்பது மட்டும்தான் அதனால் உறுதியாகிறது. இன்று பரவலாகப் புழங்கும் இன்ஜின்கள் மூன்று: குரோமின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. பிளிங்க் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து போனது, ஆகவே அவை இரண்டும் பங்காளிகள். கெக்கோ வேறு வம்சம். மூன்றுமே ஒரே தரநிலையை, அதாவது பிரவுசர்களுக்கான பொது விதிப்புத்தகத்தை, பார்த்து எழுதப்பட்டவைதான். ஆனால் தரநிலை மௌனமாக இருக்கும் இடங்களில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும்.

குரோமில் மட்டுமே பார்த்துக் கட்டினால் ஒரு ஆபத்து உண்டு. உங்கள் பக்கம் நிற்பது தரநிலையின் மேலா, குரோமின் ஏதோ ஒரு பிழையின் மேலா என்பது உங்களுக்கே தெரியாது. குரோம் 2021 முதல் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியிட்டது. அப்படி ஒரு பதிப்பில் அந்தப் பிழையைத் திருத்தினார்கள் என்றால், நீங்கள் கை வைக்காத பக்கம் தானாக உடையும். வேறொரு இன்ஜினில் முதலிலேயே பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நான் ஃபயர்ஃபாக்ஸில் கட்டுகிறேன், பிறகு சஃபாரியில் பார்க்கிறேன், குரோமைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். உலகமே குரோமில் சோதிப்பதால் குரோமில் உடைவது குறைவு. உடையக்கூடிய இடத்தில் ஆரம்பிப்பதுதான் வேலை மிச்சம்.

எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாவற்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். நான்கும் குரோமியத்தின் (குரோமின் திறந்த மூல அடித்தளம்) மேல் கட்டப்பட்டவை. எட்ஜ் 2015இல் சொந்த இன்ஜினோடுதான் வந்தது. 2020 ஜனவரியில் அதைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. ஓபரா 2013இலேயே தன் பிரஸ்டோ இன்ஜினை விட்டுவிட்டது. பிரேவில் மட்டும், அதன் விளம்பரத் தடுப்பு இயங்கும்போது உங்கள் பக்கத்தின் முக்கியமான வேலை எதுவும் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஐபோனில் குரோம் பயன்படுத்தும் வாடிக்கையாளர் பக்கம் உடைந்திருக்கிறது என்கிறார். என் குரோமில் நன்றாக இருக்கிறதே?

அவர் கையில் இருப்பது பெயரளவில்தான் குரோம். ஐபோனில் எந்த பிரவுசரைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட். ஆப்பிளின் விதி அது. 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4இல்தான் முதன்முதலாக, அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்காக, வேறு இன்ஜின்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். எனவே ஐபோன் குரோம் பற்றிப் புகார் வந்தால் சஃபாரியில் பாருங்கள்.

உங்கள் கணினி குரோமின் டெவ்டூல்ஸில் (பக்கத்தைச் சோதிக்க பிரவுசருக்குள்ளேயே இருக்கும் கருவிகள்) ‘ஐபோன்’ என்று தேர்ந்தெடுத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. அது திரையின் அளவையும் யூசர் ஏஜென்ட் வரியையும் (பிரவுசர் தளத்திடம் தன்னை அறிமுகப்படுத்தும் வரி) மாற்றும், தொடுதலைப் பாவனை செய்யும், அவ்வளவுதான். இன்ஜின் அதே பிளிங்க்.

என்னிடம் மேக்கும் இல்லை, ஐபோனும் இல்லை. சஃபாரியில் எப்படிப் பார்ப்பது?

விண்டோஸுக்கான சஃபாரியை ஆப்பிள் 2012இலேயே நிறுத்திவிட்டது. இணையத்தில் எங்காவது கிடைக்கும் பழைய 5.1.7 பதிப்பை இறக்கிச் சோதித்தால் உங்களையே ஏமாற்றிக்கொள்வீர்கள். லினக்ஸ் இருந்தால் க்னோம் வெப் என்ற பிரவுசரைப் போட்டுக்கொள்ளுங்கள், அது வெப்கிட்டில் ஓடுவது. விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. இலவசம். அதை நிறுவும்போதே வெப்கிட்டின் ஒரு பிரதியும் வந்துவிடும்.

பக்க அமைப்பு உடைவதைக் கண்டுபிடிக்க இவை தாராளமாகப் போதும். கீபோர்டு மேலே வரும்போது திரை எப்படிச் சுருங்குகிறது, முகவரிப் பட்டை மறையும்போது எது குதிக்கிறது என்பதையெல்லாம் நிஜ போனில்தான் பார்க்க முடியும். நண்பர் ஒருவரின் ஐபோனைப் பத்து நிமிடம் கடன் வாங்குங்கள். வெளியிடும் முன் ஒருமுறையாவது அது நடக்க வேண்டும்.

முகவரிப் பட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. முழுத்திரை உயரத்துக்கு சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) 100 விஎச், அதாவது திரை உயரத்தில் 100 சதவீதம், என்று எழுதினால் போனில் அடிப்பகுதி அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 2022 முதல் டிவிஎச், எஸ்விஎச் என்ற அலகுகள் எல்லா பிரவுசரிலும் வந்துவிட்டன. எஸ்விஎச் என்பது பட்டை முழுதாக விரிந்திருக்கும்போது மிஞ்சும் உயரம், முகப்புப் பகுதிக்கு அதுதான் நல்லது. டிவிஎச் பயனர் உருட்ட உருட்ட மாறிக்கொண்டே இருக்கும், எழுத்தெல்லாம் ஆடும்.

சஃபாரிதான் இந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்கிறார்களே?

பாதி நியாயம். மைக்ரோசாஃப்டின் பழைய பிரவுசரான எக்ஸ்ப்ளோரரின் பதிப்பு 6 வந்தது 2001 ஆகஸ்டில், 7 வந்தது 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. சஃபாரி அப்படித் தூங்கவில்லை. தாய் உறுப்பை அதற்குள் இருக்கும் பிள்ளையை வைத்துத் தேர்ந்தெடுக்க உதவும் ‘ஹேஸ்’ என்ற சிஎஸ்எஸ் செலக்டரை முதலில் கொடுத்தது சஃபாரிதான், 2022 மார்ச்சில். குரோமில் அது அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சஃபாரியின் மேல் எனக்கு இருக்கும் நிஜமான குறை வேறு. அது இயங்குதளத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. புதிய ஐஓஎஸ் ஏறாத பழைய ஐபோன் வைத்திருப்பவருக்குப் புதிய சஃபாரி கிடையாது, வேறு இன்ஜினுக்கும் போக முடியாது. அதே வயதுள்ள ஆண்ட்ராய்டு போனில் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ பெரும்பாலும் இன்னும் புதுப்பித்துக்கொண்டிருக்கும். வலைத்தளங்களிலிருந்து அறிவிப்பு அனுப்பும் வசதியும் ஐபோனுக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும்.

எக்ஸ்ப்ளோரரின் பாவக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ‘இது ஒன்றில் பார்த்தால் போதும்’ என்று எல்லாரையும் பழக்கிவிட்டது. அந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது குரோம். 2016இல் ஃபயர்ஃபாக்ஸ் 49 ‘வெப்கிட்’ முன்னொட்டு போட்ட சிஎஸ்எஸ் விதிகளைத் தானும் ஏற்கத் தொடங்கியது. போட்டியாளரின் பெயரைத் தாங்கிய விதிகள் அவை. வேறு வழியில்லை, அந்த அளவுக்குத் தளங்கள் அந்த முன்னொட்டை மட்டுமே எழுதிவைத்திருந்தன.

பயனர் எந்த பிரவுசரில் வருகிறார் என்று கண்டுபிடித்து அதற்கேற்ப எழுதலாமா?

யூசர் ஏஜென்ட் வரியை ஒருமுறை திறந்து படியுங்கள், ஆசை போய்விடும். குரோம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் மோசில்லா, ஆப்பிள்வெப்கிட், கேஎச்டிஎம்எல், கெக்கோ, சஃபாரி என ஊரில் இருக்கும் எல்லார் பெயரும் இருக்கும். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தில் ‘மோசில்லா’ என்று சொன்னவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தை அனுப்பிய சர்வர்கள் இருந்தன. எனவே எக்ஸ்ப்ளோரரும் தன்னை மோசில்லா என்றது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் முன்னால் போனவரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வரியை நம்பியவர்கள் பட்ட பாட்டுக்கு உதாரணங்கள் நிறைய. 2009இல் ஓபரா 10 வந்தபோது பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதைப் ‘பதிப்பு 1’ என்று நினைத்துக்கொண்டன. ஓபரா வேறு வழியின்றித் தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, நிஜ எண்ணை வரியின் கடைசியில் போட்டது. 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐத் தொடப்போகும்போது இதே கவலை மறுபடியும் வந்தது, முன்கூட்டியே சோதனை நடத்தினார்கள். 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஐபேடின் சஃபாரி தன்னை மேக் என்றே சொல்கிறது. ‘ஐபேட்’ என்ற சொல்லைத் தேடிய நிரல்களெல்லாம் அன்றே செத்தன.

பிரவுசரின் பெயரைக் கேட்காதீர்கள், வேலை தெரியுமா என்று கேளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் அதற்கு ‘சப்போர்ட்ஸ்’ விதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் உங்களுக்கு வேண்டிய ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஒரு இஃப் போட்டால் முடிந்தது. ஒரு குறிப்பிட்ட பதிப்பின் குறிப்பிட்ட பிழையைச் சுற்றிப்போக வேண்டிய அரிதான நேரத்தில் மட்டும் பெயர் பார்க்கலாம், அப்போதும் ஏன் என்று பக்கத்தில் கமென்ட் எழுதிவையுங்கள்.

புதிதாக வந்த சிஎஸ்எஸ் வசதியை எப்போது துணிந்து பயன்படுத்தலாம்?

‘பேஸ்லைன்’ என்ற குறியீட்டைப் பாருங்கள். எம்டிஎன் என்ற வலை ஆவணத் தளத்தின் பக்கங்களின் மேலேயே போட்டிருப்பார்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்துவிட்டால் ‘புதிதாகக் கிடைக்கிறது’. அதிலிருந்து 30 மாதம் கழிந்தால் ‘பரவலாகக் கிடைக்கிறது’. இரண்டாவது நிலையில் இருப்பதைக் கேள்வி கேட்காமல் பயன்படுத்துகிறேன்.

முதல் நிலையில் இருப்பது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. நிழல், அசைவு, வண்ணக் கலவை போன்றவை பழைய பிரவுசரில் வராமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, இன்றே போடலாம். பக்கத்தின் எலும்புக்கூடே அதன் மேல் நிற்கிறது என்றால் பொறுங்கள்.

முன்பெல்லாம் இந்தப் பொறுமை கொடுமையானதாக இருந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கிரிட் மட்டும் விதிவிலக்கு: 2017 மார்ச் ஒரே மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் வந்தது. அதன் தம்பி சப்கிரிட்டைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 2019இல், சஃபாரியில் 2022இல், குரோமில் 2023இல். 2022 முதல் ‘இன்டெராப்’ என்ற பெயரில் பிரவுசர் நிறுவனங்கள் ஆண்டுதோறும் உட்கார்ந்து எந்தெந்த வசதிகளைச் சேர்ந்து சரிசெய்வது என்று பட்டியல் போடுகிறார்கள். ஆப்பிளும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் மோசில்லாவும் ஒரே பட்டியலில் கையெழுத்திடுவது பெரிய விஷயம். அதன் பலன் நமக்கு நேரடியாகவே தெரிகிறது.

ரியாக்ட் மாதிரி ஃபிரேம்வொர்க் இல்லாமல் இன்று தளம் கட்ட முடியுமா?

ஃபிரேம்வொர்க் என்பது தளம் கட்ட முன்கூட்டியே எழுதிவைத்த ஜாவாஸ்கிரிப்ட் சட்டகம். ஐந்து பக்கமும் ஒரு தொடர்புப் படிவமும் உள்ள தளத்துக்கு அது தேவையே இல்லை. திரையில் நூறு விஷயங்கள் ஒன்றையொன்று சார்ந்து மாறிக்கொண்டிருக்கும் எடிட்டர், டாஷ்போர்டு போன்றவற்றுக்கு ஃபிரேம்வொர்க் நியாயமான தேர்வு. நடுவில் இருப்பவர்கள் முதலில் பிரவுசருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். நான் சரிபார்க்கும் நிரல்களில் பாதி, பிரவுசர் இனாமாகக் கொடுப்பதைத் திரும்ப எழுதிய நிரல்தான்.

ஒரு டிவ்வுக்கு (எச்டிஎம்எல்லின் வெறும் பெட்டி) கிளிக் வைத்து அதைப் பட்டன் போல அலங்கரிப்பது முதல் குற்றம். அதற்கு டேப் விசையால் போக முடியாது, என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யாது, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. பட்டன் என்ற எலிமென்டைப் போட்டால் மூன்றும் கூடவே வரும். பட்டனின் தோற்றம் பிடிக்கவில்லை என்றால் சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள்.

பாப்அப் பெட்டிக்கு டயலாக் எலிமென்ட் இருக்கிறது. குரோமில் 2014இலிருந்தே உண்டு, ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில் சேர்த்தன. ஷோமோடல் என்று அழைத்தால் போதும்: பின்னால் இருக்கும் பக்கம் தொட முடியாமல் போகும், எஸ்கேப் அழுத்தினால் மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய இடத்துக்கே திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் உட்காருவதால் இசட் இன்டெக்ஸில் (எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்) 99999 போடும் அசிங்கமும் இல்லை. விரிந்து சுருங்கும் கேள்வி பதில் பட்டியலுக்கு டீட்டெய்ல்ஸ் எலிமென்ட். தேதி தேர்வுக்கு டேட் வகை இன்புட். போனில் அது திறக்கும் தேதிப் பெட்டியை மிஞ்சும் எந்த லைப்ரரியையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. பிரவுசர் புதுப்பிக்கும்போதெல்லாம் உங்கள் பக்கமும் மேம்படும். லைப்ரரியை நம்பினால் அதை நீங்கள்தான் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

போனில் படிவத்தைத் தொட்டதும் திரை பெரிதாகிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

இன்புட்டின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோன் சஃபாரி அப்படிச் செய்யும். 16 ஆக்குங்கள், நின்றுவிடும். வியூபோர்ட் மெட்டாவில் (பக்கத்தைத் திரைக்குப் பொருத்தச் சொல்லும் எச்டிஎம்எல் வரி) ஜூமையே தடைசெய்யும் யோசனை இணையம் முழுக்கக் கிடைக்கும். கண் பார்வை குறைந்தவர்களின் கையைக் கட்டிப்போடும் வேலை அது.

படிவங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். போன் எண், கார்டு எண், ஓடிபி இவற்றுக்கு நம்பர் வகை இன்புட் போடாதீர்கள். முன்னால் வரும் பூஜ்யம் காணாமல் போகலாம், மவுஸ் சக்கரம் உருண்டால் எண் மாறிவிடும். டெக்ஸ்ட் வகை வைத்து, இன்புட்மோட் என்ற பண்பில் எண் கீபோர்டு கேளுங்கள். போன் எண்ணுக்குத் தனியாக டெல் வகையே இருக்கிறது. ஆட்டோகம்ப்ளீட் பண்பைச் சரியாக நிரப்பினால் முகவரியும் மின்னஞ்சலும் ஓடிபியும் பயனர் தட்டாமலேயே வந்து உட்காரும். பாஸ்வேர்டு கட்டத்தில் பேஸ்ட் செய்வதைத் தடுக்கும் தளங்கள் பாதுகாப்பைக் கூட்டவில்லை, பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களை விரட்டுகின்றன. லேபிளுக்குப் பதிலாகக் கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைத்தால், தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துபோய், எந்தக் கட்டத்தில் எதை நிரப்புகிறோம் என்பதே மறந்துபோகும்.

பக்கம் மெதுவாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அளவுகோல். கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் மூன்றைப் பார்க்கிறது: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் திரை பதில் தர வேண்டும், பொருட்கள் இடம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். இவை உங்கள் கணினியில் அல்ல, நிஜப் பயனர்களின் வருகைகளில் 75 சதவீதத்திலாவது எட்டப்பட வேண்டும். அதனால் கூகுளின் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் 100 வாங்கிய ஸ்கிரீன்ஷாட்டை யாராவது காட்டினால் நான் பெரிதாக அசைவதில்லை. அது ஒரு ஆய்வகச் சோதனை, ஒரு கணினி, ஒரு நெட்வொர்க்.

அடுத்து படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதுங்கள். 2019 இறுதியிலிருந்து பிரவுசர்கள் அந்த எண்களை வைத்துப் படம் வரும் முன்பே இடத்தை ஒதுக்கிவிடுகின்றன, குதிப்பது நின்றுவிடும். லேசி லோடிங்கை (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை இறக்குவது) எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கம் இருக்கிறது. முகப்பில் முதலில் தெரியும் படத்துக்கும் போட்டால் அதுவே பக்கத்தைத் தாமதமாக்கும். சிறிதாகச் சுருக்கும் பட ஃபார்மட்டுகளில் வெப்பி எல்லா பிரவுசரிலும் ஓடுகிறது, ஏவிஐஎஃப்பும் அநேகமாக அப்படித்தான். ஆனால் எந்த ஃபார்மட்டாக இருந்தாலும் 400 பிக்சல் அகலத்தில் காட்டப்போகும் படத்தை 4000 பிக்சலில் ஏற்றினால் பயனில்லை.

பிறகு ஜாவாஸ்கிரிப்ட். 200 கிலோபைட் படமும் 200 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றல்ல. படத்தை விரித்து வரைந்தால் முடிந்தது. நிரலைப் பிரித்துப் படித்து, தொகுத்து, ஓட்டவும் வேண்டும், அதுவரை மலிவான போனின் பிராசசர் வேறெதுவும் செய்யாது. டெவ்டூல்ஸில் சிபியுவை நான்கு மடங்கு மெதுவாக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு உங்கள் பக்கத்தை நீங்களே பயன்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி உங்கள் நிரலாகவே இருக்காது. சாட் பெட்டி, விளம்பரக் கண்காணிப்பு, இரண்டு மூன்று அனலிடிக்ஸ் என்று வெளியிலிருந்து ஏற்றியவை இருக்கும். மார்க்கெட்டிங் ஆட்களிடம் பேசி அதில் ஒன்றை எடுத்துவிட்டால் கிடைக்கும் வேகம், நீங்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து நிரலைச் சீவினாலும் கிடைக்காது.

சிஎஸ்எஸ்ஸை மாற்றிவிட்டேன், வாடிக்கையாளருக்குப் பழையதே தெரிகிறது.

கேஷ், அதாவது பிரவுசர் சேமித்துவைத்த பழைய கோப்பு. அவரிடம் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் அழுத்தச் சொல்வது தீர்வல்ல, அவருடைய பயனர்களிடம் யார் சொல்வார்கள்? கோப்பின் பெயரிலேயே அதன் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த ஒரு ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேருங்கள், இன்றைய பில்ட் கருவிகள் எல்லாம் இதைத் தாமாகச் செய்யும். அப்படிப் பெயரிட்ட கோப்புகளை ஒரு வருடம், அதாவது 31536000 வினாடி, கேஷ் செய்யச் சொல்லலாம். எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் நோ-கேஷ் போடுங்கள். அது சேமிக்காதே என்ற கட்டளை இல்லை, ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்ற கட்டளை. அடியோடு சேமிக்கக் கூடாது என்றால் நோ-ஸ்டோர்.

தமிழ் உரை உள்ள பக்கங்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழியைத் தமிழ் என்று அறிவியுங்கள். ஸ்கிரீன் ரீடர் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும். நம் சொற்கள் நீளமானவை, போன் திரையில் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே போகும். ஓவர்ஃப்ளோ-ராப் விதியைப் போட்டு அடக்குங்கள். இருபுறமும் சமன் செய்யும் ஜஸ்டிஃபையைக் குறுகிய பத்திகளில் போடவே போடாதீர்கள், சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். மேலே கொம்பும் கீழே வாலும் உள்ள எழுத்துகளுக்கு வரி உயரம் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும், நான் 1.7இல் ஆரம்பிக்கிறேன்.

எழுத்தெண்ணிக்கை இன்னொரு பொறி. ‘தமிழ்’ என்பதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் யுனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். 3 என்ற பதில் வேண்டுமானால் உரையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸும் 2024இல் அதைச் சேர்த்துவிட்டதால் எல்லா பிரவுசரிலும் கிடைக்கிறது. உரையைச் சுருக்கி மூன்று புள்ளி போடும்போது இதைக் கவனிக்காவிட்டால் எழுத்தின் நடுவில் வெட்டு விழும்.

தேடல் வைப்பவர்களுக்கு ஒன்று. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிட்டால் ஒன்றாகிவிடும். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்கள். பழைய ‘யுடிஎஃப்8’ எழுத்துக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். நம் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் முதலில் ஒன்றும் தெரியாது, முதல் இமோஜி வரும் நாளில் தெரியும்.

தேதி சிலருக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது.

‘2024-01-05’ என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு அது இன்னும் 4ஆம் தேதி. அதோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலம் எதுவும் சொல்லாமல் விட்டால், உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஏன் இந்த முரண் என்று கேட்டுப் பயனில்லை. பிறந்தநாள் போன்ற வெறும் தேதிகளை நேரமாக மாற்றவே மாற்றாதீர்கள், உரையாகவே வைத்திருங்கள்.

ஸ்டிக்கி ஒட்டவில்லை. இசட் இன்டெக்ஸ் வேலை செய்யவில்லை.

உருட்டும்போது திரையில் ஒட்டி நிற்க வைக்கும் ஸ்டிக்கிக்கு: மேலே உள்ள மூதாதையர் பெட்டி ஏதாவதொன்றில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கும், தேடி எடுங்கள். டாப் மதிப்பு கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். இசட் இன்டெக்ஸுக்கு: மேலே ஏதோவொரு பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மோ ஒபாசிட்டியோ இருந்து தனி அடுக்கை உருவாக்கியிருக்கும். அதற்குள் எத்தனை லட்சம் போட்டாலும் வெளியே வராது.

சஃபாரியில் மட்டும் பயனர்கள் அடிக்கடி லாக்அவுட் ஆகிறார்கள்.

லாகின் டோக்கனை (உள்ளே நுழைந்தவர் என்பதற்கான அடையாளச் சீட்டு) லோக்கல் ஸ்டோரேஜ் என்ற பிரவுசர் சேமிப்பில் வைத்திருக்கிறீர்களா? 2020 மார்ச்சிலிருந்து, பயனர் ஒரு தளத்தைத் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால், ஸ்கிரிப்ட் எழுதிவைத்த சேமிப்பை எல்லாம் அது அழித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் போட்ட குக்கிக்கும் ஆயுள் 7 நாள்தான். சர்வரிலிருந்து, ஸ்கிரிப்ட் படிக்க முடியாத எச்டிடிபிஒன்லி குக்கியாகப் போடுங்கள். பிரச்சினையும் தீரும், வெளி ஸ்கிரிப்ட் எதுவும் டோக்கனைத் திருடவும் முடியாது.

வேறு டொமைனின் குக்கியை நம்பி எதையாவது கட்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். சஃபாரி அவற்றை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இலிருந்து தளத்துக்குத் தளம் தனி டப்பாவில் அடைக்கிறது. கூகுள் மட்டும் 2020இல் இரண்டு ஆண்டில் நிறுத்துவதாகச் சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனம் பிரவுசரும் செய்தால் இப்படித்தான் நடக்கும்.

நீங்கள் தினமும் பயன்படுத்துவது எது? ஏன்?

ஃபயர்ஃபாக்ஸ். முதல் காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். குரோம் தன் எக்ஸ்டென்ஷன்களுக்கு மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையைக் கொண்டுவந்து பழையதை நிறுத்தியதால், முழு யூபிளாக் அங்கே ஓடாது, சக்தி குறைந்த லைட் பதிப்புதான். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டையும் ஆதரிக்கிறது. இரண்டாவது, அதன் டெவ்டூல்ஸில் கிரிட்டையும் ஃபான்ட்டையும் பார்க்கும் வசதி எனக்குப் பிடிக்கும். ஆனால் வேகத்தை அலசவும் மெமரியைத் துழாவவும் குரோமின் டெவ்டூல்ஸ்தான் மேல், அதற்குக் கூச்சப்படாமல் குரோமைத் திறப்பேன்.

ஃபயர்ஃபாக்ஸிடம் குறை இல்லாமலில்லை. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை இயல்பாக வைப்பதற்காகக் கூகுளே கொடுப்பது. போட்டியாளர் கொடுக்கும் பணத்தில் போட்டி நடக்கிறது. 2024இல் அமெரிக்க நீதிமன்றம் தேடலில் கூகுள் ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தபோது, தண்டனை எப்படி இருக்குமோ என்று அதிகம் கவலைப்பட்டவர்களில் மோசில்லாவும் உண்டு. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, குரோமை விற்கச் சொல்லவும் இல்லை, இப்படிப் பணம் கொடுப்பதை முற்றாகத் தடுக்கவும் இல்லை.

உங்களுக்கு விளம்பரத் தடுப்பு கையோடு வேண்டும், ஆனால் குரோமிய உலகத்தை விட்டு வர மனமில்லை என்றால் பிரேவ். டேப்களை நூற்றுக்கணக்கில் திறந்து வைத்து அடுக்கி வாழ்பவர் என்றால் விவால்டி. இரண்டிலும் இன்ஜின் என்னவோ கூகுள் தீர்மானிப்பதுதான்.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா?

உங்கள் கணினியை அடுத்துத் திறப்பவருக்குத் தெரியாது. தளத்துக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் தெரியும்.

நான்காவதாக ஒரு இன்ஜின் வர வாய்ப்பு உண்டா?

இரண்டு முயற்சிகளைக் கவனித்து வருகிறேன். ஒன்று சர்வோ. மோசில்லா 2012இல் ரஸ்ட் மொழியில் தொடங்கியது. 2020இல் ஆட்குறைப்பில் அந்தக் குழு கலைந்த பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் போய் மறுபடி மூச்சுவிடுகிறது. அதன் சில பாகங்கள் ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்று லேடிபேர்ட். ஆண்ட்ரியாஸ் கிளிங் தன் செரினிட்டிஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியது, 2024இல் தனி லாபநோக்கற்ற அமைப்பாக மாறியது. மற்ற இன்ஜின்களின் நிரலை எடுக்காமல் தரநிலையை வரிவரியாகப் படித்துக் கட்டுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு அவை வர நாளாகும். ஆனால் தரநிலையில் குழப்பமாக எழுதப்பட்ட இடங்களை இவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதே மற்ற மூன்றுக்கும் லாபம்.

பழைய பிரவுசர்களை எதுவரை தாங்க வேண்டும்? ‘குரோமில் திறக்கவும்’ என்று ஒரு பலகை வைத்துவிடலாமா?

எக்ஸ்ப்ளோரர் 11ஐ மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அதற்காக இனி ஒரு வரிகூட எழுத வேண்டாம். மற்றபடி உங்கள் சொந்த சர்வர் பதிவுகளைப் பாருங்கள், உலகச் சராசரி உங்கள் பயனர்கள் இல்லை. பழைய ஐபோன்கள் எத்தனை வருகின்றன என்பதுதான் நடைமுறையில் எல்லையைத் தீர்மானிக்கும்.

பலகை வேண்டாம். பழைய பிரவுசரில் வருபவருக்கு அழகான பக்கம் கிடைக்காவிட்டாலும், படிக்கவும் படிவத்தை அனுப்பவும் முடிந்தால் போதும். எச்டிஎம்எல்லில் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது தனி வேலையே இல்லை. சோதித்துப் பார்க்க ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறங்கள். வெள்ளைத் திரை வந்தால் பழைய பிரவுசர்காரருக்கும், பாதியில் நெட் அறுந்தவருக்கும் அதே வெள்ளைத் திரைதான் வந்துகொண்டிருக்கிறது.